ஜப்பானிய மூளையழற்சி

ஜப்பானிய மூளையழற்சி என்பது கொசுக்களால் பரவும் ஒரு தீநுண்மத்தினால் (வைரஸ்) மனிதரின் மைய நரம்பு மண்டலத்தில் ஏற்படும் தொற்றுநோய் ஆகும். பேச்சு வழக்கிலும் செய்தித்தாள்களிலும் இது ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று குறிப்பிடப்படுகிறது. நெல் வயல்களில் தேங்கும் நீரில் பெருகும் கியூலெக்ஸ் வகைக் கொசுக்களே இதனை முதன்மையாகப் பரப்புகின்றன. எனவே ஆசியாவின் நெல் விளையும் பகுதிகளில் இந்நோய் மிகுதியாகக் காணப்படுகிறது. இந்தியாவில் மனிதரிடம் இந்நோய் முதன்முதலாக 1955 ஆம் ஆண்டு வேலூரில் கண்டறியப்பட்டது. காவிரிக் கழிமுகத்தைச் சேர்ந்த தஞ்சாவூர், திருவாரூர் மாவட்டங்கள், இந்நோய்த் தடுப்புக்கென நடுவண் அரசு 2012 ஆம் ஆண்டுத் திட்டத்தில் தேர்ந்தெடுத்த 60 முன்னுரிமை மாவட்டங்களுள் அடங்குபவை.

தொற்றுக்கு உள்ளாகும் பெரும்பாலானோருக்கு எந்த அறிகுறியும் தோன்றுவதில்லை. ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு மட்டுமே கடுமையான நோய் ஏற்படுகிறது. ஆனால் மூளை பாதிக்கப்பட்டவர்களுள் 30 விழுக்காடு வரை இறக்கக்கூடும். இந்நோயைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. வராமல் தடுக்கும் தடுப்பூசி உண்டு. தீநுண்மம் நீர்ப்பறவைகளிலும் பன்றிகளிலும் தங்கி வாழ்வதால், ஊரில் ஒருவருக்கும் நோய் இல்லாத ஆண்டிலும் அது சுற்றுப்புறத்தில் இருந்துகொண்டே இருக்கலாம்.

பெயர்

1916 ஆம் ஆண்டையொட்டி ஐரோப்பாவில் பரவத் தொடங்கிய உறக்கநோய் வகை மூளையழற்சியை "ஏ" வகை என்றும், ஜப்பானில் கோடைகாலத்தில் தோன்றிய மூளையழற்சியை "பி" வகை என்றும் முன்னர் அழைத்தனர். நாளடைவில் "பி" என்னும் எழுத்து கைவிடப்பட்டு, ஜப்பானிய மூளையழற்சி என்னும் பெயர் நிலைத்தது. நோய் முதலில் விரிவாக ஆராயப்பட்ட நாட்டை மட்டுமே இப்பெயர் குறிக்கிறது. தமிழ்நாட்டில் காணப்படும் நோய் ஜப்பானிலிருந்து யாரும் கொண்டுவந்தது என்று பொருள் கொள்ளலாகாது.

தமிழில் "மூளைக்காய்ச்சல்" என்னும் சொல் இரு வேறு நிலைகளுக்கு வழங்குகிறது. மூளையைச் சூழ்ந்துள்ள உறைகள் அழற்சியுறுவது மூளையுறையழற்சி ஆகும். மூளையின் திசுவே அழற்சியுறுவது மூளையழற்சி ஆகும். ஜப்பானிய மூளையழற்சி இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

வரலாறு

இந்நோயை ஒத்த கொள்ளைநோய்கள் ஜப்பானில் 1871 ஆம் ஆண்டிலிருந்து பதிவாகியுள்ளன. 1924 ஆம் ஆண்டில் அந்நாட்டில் 6,000க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். அவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 1935 இல் டோக்கியோவில் இறந்த ஒரு நோயாளியின் மூளையிலிருந்து தீநுண்மம் பிரித்தெடுக்கப்பட்டது. நக்காயாமா எனப்பட்ட இவ்வகைத் தீநுண்மமே பின்னர்த் தடுப்பூசி ஆக்கப் பயன்பட்டது. 1938 இல் கொசுக்களிலிருந்தும் தீநுண்மம் பிரித்தெடுக்கப்பட்டு, நோய் பரவும் வழி தெளிவாயிற்று.

இந்தியாவில், 1955 இல் அன்றைய வட ஆற்காடு மாவட்டத்து வேலூரில் முதல் நோயாளிகள் கண்டறியப்பட்டனர். 1955 முதல் 1966 வரையான காலத்தில் தென்னிந்தியாவில் ஏறத்தாழ 65 நோயாளிகள் பதிவாயினர். அதுவரை தெற்கில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காணப்பட்ட நோய், 1973 இல் மேற்கு வங்காளத்தின் பாங்குரா, பர்துவான் மாவட்டங்களில் கொள்ளைநோயாக வெடித்தது. 1978 இல் பல மாநிலங்களில் பரவியது. 2005 இல் உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூரையும் அதனைச் சூழ்ந்த மாவட்டங்களையும் தாக்கிய கொள்ளைநோயில் 5,000க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். 1,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இறந்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் குழந்தைகள். இந்நிகழ்வே நாட்டளவில் தடுப்பூசி முகாம்கள் தொடங்கக் காரணமாயிற்று.

இலங்கையில், 1985-86 ஆம் ஆண்டுகளில் அனுராதபுரம் பகுதியில் ஏற்பட்ட கொள்ளைநோயில் ஏறத்தாழ 400 பேர் பாதிக்கப்பட்டனர். 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மகாவலி ஆற்றுநீரைக் கொண்டு புதிதாகப் பாசனம் பெற்ற நெற்பரப்பும், அதே பகுதியில் ஊக்குவிக்கப்பட்ட பன்றி வளர்ப்பும் இதற்குத் துணைபுரிந்தன. பாசனத் திட்டங்களை வகுக்கும்போது பொதுநலத்தையும் கருத்தில் கொள்ளவேண்டும் என்பதற்கு இது எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.

நோய்க்காரணி

இந்நோயை உண்டாக்கும் தீநுண்மம், டெங்கு, மஞ்சள் காய்ச்சல், மேற்கு நைல் காய்ச்சல் ஆகியவற்றின் தீநுண்மங்கள் அடங்கிய பிளேவி தீநுண்மக் குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் விட்டம் ஏறத்தாழ 50 நானோமீட்டர் ஆகும். இதன் மரபுப்பொருள், ஏறத்தாழ 11,000 அலகுகளைக் கொண்ட ஓரிழை ஆர்.என்.ஏ. ஆகும். ஐந்து மரபுவகைகள் அறியப்பட்டுள்ளன. இந்தியாவில் நெடுங்காலமாக மூன்றாம் வகையே காணப்பட்டது. 2009 இல் கோரக்பூரில் முதலாம் வகையும் கண்டறியப்பட்டது.

பரவும் சுழற்சி

இயற்கையில் இத்தீநுண்மம் கொசுக்களுக்கும் முதுகெலும்புள்ள விலங்குகளுக்கும் இடையே சுழன்றுகொண்டிருக்கிறது. இச்சுழற்சியில் ஒவ்வோர் உயிரினமும் வெவ்வேறு பங்கு வகிக்கிறது.

* நீர்ப்பறவைகள்: மடையான் (குளத்துக்கொக்கு), உண்ணிக்கொக்கு, வக்கா போன்ற கொக்கு இனப் பறவைகள் தீநுண்மத்தின் இயற்கை இருப்பிடம் ஆகும். இவை பொதுவாக நோயுறுவதில்லை.
* பன்றிகள்: பன்றியின் குருதியில் தீநுண்மம் சில நாட்களிலேயே பெருமளவில் பெருகுகிறது. எனவே பன்றி "பெருக்கும் விலங்கு" எனப்படுகிறது. பன்றிகள் குறுகிய காலத்தில் பல குட்டிகளை ஈனுவதால், தொற்று காணாத புதிய விலங்குகள் தொடர்ந்து கிடைக்கின்றன.
* கொசுக்கள்: கியூலெக்ஸ் டிரைடேனியோரிங்கஸ் முதன்மையான நோய்க்காவி ஆகும். கியூலெக்ஸ் விஷ்ணுயி, கியூலெக்ஸ் சூடோவிஷ்ணுயி, கியூலெக்ஸ் ஜெலிடஸ் ஆகியனவும் தென்னிந்தியாவில் முக்கியமானவை.
* மாடுகள்: இக்கொசுக்கள் மனிதரைவிட மாடுகளையே மிகுதியாகக் கடிக்கின்றன. மாட்டின் குருதியில் தீநுண்மம் போதிய அளவு பெருகாததால், கொசு அங்கிருந்து தொற்றைப் பெறுவதில்லை. ஒருபுறம், மாடுகள் கொசுக்கடியை மனிதரிடமிருந்து விலக்குகின்றன. மறுபுறம், எளிதில் குருதி கிடைப்பதால் கொசுக்களின் எண்ணிக்கை பெருகவும் காரணமாகின்றன.
* மனிதர்: மனிதரின் குருதியிலும் தீநுண்மம் குறைந்த அளவே காணப்படுகிறது. ஆதலால் நோயாளியைக் கடித்த கொசு மற்றொருவருக்கு நோயைப் பரப்புவதில்லை. மனிதர் இச்சுழற்சியின் முட்டுச்சந்து எனலாம். குதிரைகளும் இவ்வாறே.

இதிலிருந்து இரண்டு செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவது, இந்நோய் தொட்டாலோ உடன் உண்டாலோ ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. நோயுற்ற குழந்தையை விலக்கி வைக்கத் தேவையில்லை. இரண்டாவது, மனிதருக்குத் தடுப்பூசி போடுவதால் இயற்கைச் சுழற்சி நின்றுவிடாது. தட்டம்மை போன்ற நோய்களில் பெரும்பாலோர் தடுப்பூசி பெற்றால் எஞ்சியோரும் ஓரளவு காக்கப்படுவர். இந்நோயில் அத்தகைய கூட்டுப் பாதுகாப்பு கிடையாது. தெருவிலுள்ள மற்ற குழந்தைகள் அனைவரும் தடுப்பூசி பெற்றிருப்பினும், பெறாத ஒரு குழந்தைக்கு ஆபத்து குறைவதில்லை.

நெல் வயலும் காவிரிக் கழிமுகமும்

கல்லணைக்குக் கீழே காவிரி, வெண்ணாறு முதலிய ஆறுகளாகவும் எண்ணற்ற வாய்க்கால்களாகவும் பிரிந்து பாய்கிறது. 1934 இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை பாசனத்துக்காகத் திறக்கப்படும் வழக்கமான நாள் ஜூன் 12 ஆகும். நீர்வரத்தையொட்டிக் குறுவை, சம்பா, தாளடி ஆகிய பருவங்களில் நெல் பயிரிடப்படுகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெய்கிறது. இதனால் ஆண்டில் பல மாதங்கள் பரந்த நிலப்பரப்பில் ஆழமற்ற நீர் தேங்கி நிற்கிறது.

கியூலெக்ஸ் டிரைடேனியோரிங்கஸ் முட்டையிடுவதற்கு, வெயில் படும், ஆழமற்ற, சாக்கடை கலவாத நீரை விரும்புகிறது. நடவு முடிந்த வயல் இதற்கு மிகவும் ஏற்றது. பயிர் சிறிதாக இருக்கும் முதற்சில வாரங்களில் கொசுப்புழுக்கள் மிகுதியாகக் காணப்படும். தூர் கட்டிப் பயிர் வளர்ந்து நீர்ப்பரப்பை மூடியபின் அவை குறைகின்றன. தழைச்சத்துக்காக யூரியா இட்டபின் வயலில் கொசுப்புழுக்கள் கூடுவதும் தமிழ்நாட்டில் நடைபெற்ற ஆய்வுகளில் அறியப்பட்டுள்ளது. வயலில் மேயும் கொக்குகளும், வீட்டுக் கொட்டிலில் கட்டப்பட்ட மாடுகளும், ஊர்ப்புறத்தில் திரியும் பன்றிகளும் அருகருகே அமையும்போது சுழற்சிக்கு வேண்டிய கண்ணிகள் அனைத்தும் ஒன்றுசேர்கின்றன.

எனினும் நெல் விளையும் ஊர்கள் அனைத்திலும் நோய் தோன்றுவதில்லை. பறவை, பன்றி, கொசு ஆகியவற்றின் எண்ணிக்கையும், மழையும், மக்களின் நோயெதிர்ப்புத் திறனும் ஒத்துவரும் இடத்திலேயே நோயாளிகள் காணப்படுகின்றனர். அவ்விடத்தை முன்கூட்டியே சொல்வது கடினம்.

நரம்பு மண்டலத்தில் ஏற்படும் பாதிப்பு

கொசுக்கடியின்போது உமிழ்நீருடன் உட்புகும் தீநுண்மம் முதலில் தோலிலும், அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களிலும் பெருகிப் பின்னர்க் குருதியில் கலக்கிறது. பெரும்பாலோரிடம் உடலின் நோயெதிர்ப்பு ஆற்றல் அதனை அந்நிலையிலேயே அழித்துவிடுகிறது. சிலரிடம் மட்டும் அது குருதிக்கும் மூளைக்கும் இடையேயுள்ள தடுப்பைக் கடந்து நரம்பணுக்களைச் சென்றடைகிறது.

நரம்பணுக்கள் இருவகையில் அழிகின்றன. தீநுண்மம் நரம்பணுவினுள் பெருகி அதனை நேரடியாகக் கொல்கிறது. மேலும், மூளையின் காவல் அணுக்களான நுண்பசையணுக்கள் தீநுண்மத்தை எதிர்த்து வெளியிடும் வேதிப்பொருட்கள், தொற்றில்லாத நரம்பணுக்களையும் சேதப்படுத்துகின்றன. நரம்பணுக்கள் பெரும்பாலும் மீண்டும் உருவாவதில்லை என்பதால் இவ்விழப்பு நிலையானது.

பாதிக்கப்படும் பகுதியைப் பொறுத்து அறிகுறிகள் அமைகின்றன:

* தலாமஸ்: புலனுணர்வுச் செய்திகளைப் பெருமூளைக்கு அனுப்பும் இப்பகுதி இருபுறமும் பாதிக்கப்படுவது இந்நோயின் தனித்தன்மை ஆகும். விழிப்புநிலை குன்றுகிறது.
* அடித்தள நரம்புமுடிச்சுகளும் கருநிறப்பொருளும்: உடல் அசைவைச் சீராக்கும் பகுதிகள். இவை கெடும்போது நடுக்கம், உடல் விறைப்பு, உணர்ச்சியற்ற முகத்தோற்றம் ஆகிய பார்க்கின்சன் நோயை ஒத்த அறிகுறிகள் தோன்றுகின்றன.
* மூளைத்தண்டு: மூச்சு, விழுங்குதல், விழியசைவு ஆகியவை தடுமாறுகின்றன. உயிருக்கு ஆபத்தான நிலை இதுவே.
* பெருமூளைப் புறணி: வலிப்பு, பேச்சிழப்பு, நடத்தை மாற்றம் ஆகியவை ஏற்படுகின்றன.
* தண்டுவடத்தின் முன்கொம்பு அணுக்கள்: இளம்பிள்ளைவாதத்தைப் போன்று கை, கால் துவண்டு செயலிழக்கின்றன.

அறிகுறிகள்

கொசு கடித்த 5 முதல் 15 நாட்களுக்குள் அறிகுறிகள் தோன்றும். தொடக்கத்தில் காய்ச்சல், தலைவலி, வாந்தி, சோர்வு ஆகியவை காணப்படும். சிறு குழந்தைகளுக்கு வயிற்றுவலியும் இருக்கலாம். இந்நிலையில் இதனைச் சாதாரணக் காய்ச்சலிலிருந்து வேறுபடுத்துவது அரிது.

அடுத்த சில நாட்களில் கழுத்து விறைப்பு, குழப்பம், பொருளற்ற பேச்சு, மிகையான தூக்கம், வலிப்பு ஆகியவை தோன்றி, நோயாளி சுயநினைவு இழக்கிறார். நோயுற்ற குழந்தைகளுள் பெரும்பாலோருக்கு வலிப்பு ஏற்படுகிறது. சிலருக்கு விரல் அல்லது கண்ணிமை துடிப்பதாக மட்டும் வலிப்பு வெளிப்படுவதால் கவனிக்கப்படாமற் போவதுண்டு.

காய்ச்சலுடன் குழப்பமோ வலிப்போ மயக்கமோ தோன்றினால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும். வலிப்பின்போது நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்தல் வேண்டும்; வாயில் எதனையும் திணித்தலோ நீர் புகட்டுதலோ கூடாது. கையில் சாவிக்கொத்து முதலிய இரும்புப் பொருளைக் கொடுக்கும் வழக்கத்தால் பயன் ஏதுமில்லை.

நோயறிதல்

காய்ச்சலுடன் மனநிலை மாற்றமோ புதிதாக வலிப்போ தோன்றும் நிலை, பொதுவாகக் "கடும் மூளையழற்சி நோய்க்குறித்தொகுப்பு" எனப் பதிவு செய்யப்படுகிறது. பின்னர் முதுகில் ஊசி செலுத்தி எடுக்கப்படும் மூளைத் தண்டுவடப் பாய்மத்தில், இத்தீநுண்மத்துக்கு எதிரான ஐஜிஎம் வகைப் பிறபொருளெதிரி உள்ளதா என எலிசா முறையில் ஆராய்வர். முதுகில் நீர் எடுப்பதால் கால் செயலிழந்துவிடும் என்னும் அச்சம் ஆதாரமற்றது. இதற்கு மறுப்பதால் நோயறிதல் தாமதமாகிறது. எம்.ஆர்.ஐ. படத்தில் இருபுறத் தலாமஸ் பாதிப்பு காணப்படுவது நோயறிய உதவும்.

இதே அறிகுறிகளுடன் வரும் பிற நோய்களுள் சில மருந்தினால் குணமாகக்கூடியவை. நுண்ணுயிரி மூளையுறையழற்சி, காசநோய் மூளையுறையழற்சி, மூளை மலேரியா, ஹெர்பிஸ் மூளையழற்சி, உண்ணிக்காய்ச்சல் ஆகியவை அவற்றுள் அடங்கும். எனவே ஜப்பானிய மூளையழற்சி எனக் கருதி மற்ற ஆய்வுகளைக் கைவிடுவது ஆபத்தானது. மலேசியாவில் 1998-99 இல் பன்றிப் பண்ணைத் தொழிலாளரிடையே பரவிய மூளையழற்சி, முதலில் இந்நோய் என்றே கருதப்பட்டுக் கொசு ஒழிப்பும் தடுப்பூசியும் மேற்கொள்ளப்பட்டன. பின்னரே அது நிபா என்னும் புதிய தீநுண்மத்தால் ஏற்பட்டது எனத் தெரியவந்தது. அதற்குள் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

சிகிச்சை

தீநுண்மத்தை அழிக்கும் மருந்து இதுவரை கண்டறியப்படவில்லை. 1992 இல் வெளியான டெக்சாமெத்தசோன் ஆய்விலும், 2003 இல் வெளியான இன்டர்பெரான் ஆய்விலும் பயன் காணப்படவில்லை. எனவே சிகிச்சை உடலைத் தாங்கும் வகையில் அமைகிறது. வலிப்பைக் கட்டுப்படுத்துதல், மூளைக்குள் மிகும் அழுத்தத்தைக் குறைத்தல், மூச்சுக்குழாய் அடைபடாமல் காத்தல், தேவையெனில் செயற்கைச் சுவாசம் அளித்தல், நீர்ச்சத்தையும் சர்க்கரை அளவையும் பேணுதல் ஆகியவை முக்கியமானவை. நினைவிழந்த நோயாளியை அடிக்கடி புரட்டிப் படுக்கவைப்பதும், குழாய் வழி உணவளிப்பதும் படுக்கைப்புண், நிமோனியா ஆகியவற்றைத் தவிர்க்க உதவும்.

பின்விளைவுகள்

உயிர் பிழைப்போருள் 30 முதல் 50 விழுக்காட்டினருக்கு நிலையான குறைபாடுகள் எஞ்சுகின்றன. கை, கால் செயலிழப்பு, வலிப்பு நோய், பேச்சுக் குறைபாடு, அறிவு வளர்ச்சிக் குறைவு, எளிதில் சினங்கொள்ளும் தன்மை ஆகியவை இவற்றுள் சில. வெளித்தோற்றத்தில் முற்றிலும் குணமடைந்த குழந்தையும் பள்ளிப் படிப்பில் பின்தங்கலாம்; அதனைச் சோம்பல் எனக் கருதுவது தவறாகும்.

நடுக்கம், விறைப்பு ஆகியவை சில மாதங்களில் தணிவதுண்டு. ஆதலால் இயன்முறை மருத்துவமும் பேச்சுப் பயிற்சியும் விரைவில் தொடங்கி நீண்டகாலம் தொடரப்பட வேண்டும். வீட்டில் ஒருவர் வேலையை விட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள நேர்வதால், நோயின் சுமை குடும்பத்தின் வருவாயையும் பாதிக்கிறது. 2012 ஆம் ஆண்டுத் திட்டத்தில் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுகளுடன் மறுவாழ்வு வசதிகளும் சேர்க்கப்பட்டதற்கு இதுவே காரணம். தமிழ்நாட்டில் தஞ்சாவூர், திருவாரூர், கரூர், மதுரை, விழுப்புரம் ஆகிய ஐந்து மாவட்டங்கள் அத்திட்டத்தில் இடம்பெற்றன.

தடுப்பு முறைகள்

தடுப்பூசி

எலியின் மூளையில் தீநுண்மத்தை வளர்த்துச் செயலிழக்கச் செய்து ஆக்கப்பட்ட தடுப்பூசி முதலில் பயன்பட்டது. இந்தியாவில் இது கசௌலியிலுள்ள நடுவண் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆக்கப்பட்டது. பின்னர்ச் சீனாவில் உருவாக்கப்பட்ட, எஸ்.ஏ. 14-14-2 என்னும் வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள தீநுண்மத் தடுப்பூசி பரவலாயிற்று. 2006 இல் இந்தியாவில் 1 முதல் 15 வயது வரையான குழந்தைகளுக்கு முகாம்கள் தொடங்கின. படிப்படியாகத் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டன. கர்நாடகத்தின் கோலாரில் பிரித்தெடுக்கப்பட்ட தீநுண்மத்தைக் கொண்டு ஆக்கப்பட்ட ஜென்வாக் என்னும் இந்தியத் தடுப்பூசி 2013 இல் அறிமுகமாயிற்று.

நோய் காணப்படும் மாவட்டங்களில், 2013 முதல் இரண்டு தவணைகள் அளிக்கப்படுகின்றன. முதல் தவணை 9 மாதம் நிறைந்த பின்னரும், இரண்டாம் தவணை 16 முதல் 24 மாதங்களுக்குள்ளும் போடப்படும். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இது இலவசம். ஜப்பான், தென் கொரியா ஆகிய நாடுகளில் நெற்பயிர் தொடரும் நிலையிலும் நோய் மிகவும் குறைந்துபோனதற்குத் தடுப்பூசியே முதன்மைக் காரணம் ஆகும்.

வயல்நீர் மேலாண்மை

வயலில் எப்போதும் நீரைத் தேக்கி வைக்காமல், நிலம் உலர்ந்தபின் மீண்டும் நீர் விடும் முறை உழவர் வழக்கில் "காய்ச்சலும் பாய்ச்சலும்" எனப்படுகிறது. செம்மை நெல் சாகுபடியில் இம்முறையே பின்பற்றப்படுகிறது. முட்டையிலிருந்து கொசு முழு வளர்ச்சி பெற ஏறத்தாழ 7 முதல் 10 நாட்கள் ஆவதால், இடையில் வயல் உலர்ந்தால் புழுக்கள் மடிகின்றன, நீரும் மிச்சமாகிறது. ஆனால் வாய்க்காலின் கடைமடையில் உள்ளவர்கள் மீண்டும் நீர் கிடைக்குமா என்னும் ஐயத்தால் கிடைத்த நீரைத் தேக்கி வைக்க முற்படுவர். ஆகவே முறையான நீர் வழங்கல் இல்லாமல் இதனை நடைமுறைப்படுத்த இயலாது. 1990களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டு நெல் வயல்களில் நடந்த ஆய்வுகளில், வேப்பம் பிண்ணாக்கு போன்ற வேம்புப் பொருட்களை இடுவதும் கொசுப்புழுக்களைக் குறைப்பதாகக் காணப்பட்டது. புழுவுண்ணி மீன்களும் பயன்படுகின்றன.

பிற முறைகள்

* பன்றிகளைக் குடியிருப்புகளிலிருந்து விலக்கி, கொசு புகாத கொட்டில்களில் வளர்த்தல்.
* இக்கொசுக்கள் அந்தி மயங்கும் நேரம் முதல் இரவு வரை பெரும்பாலும் வெளியில் கடிப்பதால், மாலையில் குழந்தைகளுக்கு உடலை மூடும் ஆடை அணிவித்தல்.
* கொசுவலைக்குள் உறங்கச் செய்தல், சன்னல்களுக்கு வலையடித்தல்.
* கொசுக்கள் வெளியில் தங்குவதால், வீட்டுச் சுவர்களில் மருந்து தெளிப்பது மலேரியாவில் தரும் அளவு பயனை இந்நோயில் தருவதில்லை. கொள்ளைநோய்க் காலத்தில் புகைமருந்து அடிப்பது தற்காலிகமான பயனையே அளிக்கும்.

உலகளவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 68,000 பேர் இந்நோய்க்கு உள்ளாகின்றனர் என்று 2011 இல் வெளியான மதிப்பீடு கூறுகிறது. இவர்களுள் பெரும்பாலோர் 15 வயதுக்குட்பட்டவர்கள்.

இவற்றையும் பார்க்க

* மைய நரம்பு மண்டலம்
* மூளையுறையழற்சி
* கால்-கை வலிப்பு
* டெங்குக் காய்ச்சல்
* கொசு
* காவிரி ஆறு
* செம்மை நெல் சாகுபடி